காலி இடத்துக்குப் போட்ட பந்து

முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் சொந்தங்களே, அண்ணனின் குணநலன்களை எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டார். நல்லவர் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அதனால் அவர் கால்பந்து ஆடிய விதத்தை எழுதுகிறேன். அவருடைய புத்தியெல்லாம் அங்கேதான் தெரிந்தது.

அண்ணன் சேந்தமங்கலத்தில் பிறந்தார். லாரி ஓட்டிய அப்பா விபத்தில் இறந்தபின், அம்மாவையும் என்னையும் அயோத்தியாப்பட்டணத்துக்கு அழைத்துவந்து, நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தார். தாம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு ஷிப்டு பாக்கவே நேரம் சரியாப் போவுது" என்பார். அம்மாவும் போய், என் கணவரும் மறைந்தபின், பிள்ளையில்லாத நான் அண்ணனிடமே திரும்பி வந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மைதானத்தில் பங்கு அணி ஆடும். அண்ணனுக்கு நடு இடம். ஓட்டத்தில் ஆமைதான். ஆனால் பந்து காலுக்கு வருமுன்பே கழுத்தைத் திருப்பி இருபுறமும் பார்த்துவிடுவார். "கழுத்து சுளுக்கா ஃபிட்டரே?" என்று எதிரணியினர் கேலி செய்வார்கள். பந்து வந்ததும் யாருமே இல்லாத இடத்துக்குத் தட்டிவிடுவார். "யாருக்குய்யா போட்ட, பேய்க்கா?" என்று கூட்டம் சத்தம் போடும். அதற்குள் வலப்பக்கம் ஆடும் ஆரோக்கியம் அங்கே ஓடி வந்திருப்பார்.

ஒருமுறை கேட்டேன். "ஏண்ணா, ஆள் நிக்கிற எடத்துக்குப் போட்டா என்ன?"

"நிக்கிறவனைச் சுத்தி நாலு பேரு நிப்பாங்க பாப்பா. வரப் போறவனுக்குப் போடணும்" என்றார்.

பந்தைத் தட்டியபின் அது போய்ச் சேர்கிறதா என்று நின்று பார்க்க மாட்டார். திரும்பித் தம் இடத்துக்கு நடந்துவிடுவார். கோல் விழுந்து எல்லாரும் குதிக்கும்போதும் எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஈரல் நோய் முற்றியபோது, இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். அழுது பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டை ஒட்டி நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த போர்ஷன் காலியானது. குடிவரக் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

"நீங்களும் போயிட்டா நான் செவுத்தோடயா பேசுவேன்?" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் சாமி. காலியாவே இருக்கட்டும்" என்றார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் வீடு வாயடைத்துக் கிடந்தது. கை பழக்கத்தில் இருவருக்கு உலை வைத்துவிடும். மறுநாளும் அந்தச் சோற்றை நான் ஒருத்தியே தின்றேன். பக்கத்துச் சுவரைப் பார்க்கப் பார்க்க அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் காலை, ஆரோக்கியம் தம் மனைவி, மகளோடு பால் காய்ச்சப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அண்ணன் அப்பவே சொல்லிட்டாருங்கக்கா. முப்பது கழியட்டும், அவ அழுது முடிக்கட்டும், அப்பறமா குடி வந்துருன்னாரு. முன்னாடியே சொன்னா வீம்பு புடிச்சு வேண்டாம்னுடுவா, நீ வாயத் தொறக்காதன்னும் சொன்னாரு" என்றார்.

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணனை நோயில் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், முறைபோட்டுத் துணையிருந்த ஆலைத் தோழர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பங்கு அணியினருக்கும் என் நன்றி. சாயங்காலமானால் "அக்கா, கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் ஆரோக்கியத்தின் மனைவிக்கும் நன்றி. அந்தக் குரலால்தான் ஒரு வருடத்தைத் தள்ளினேன். ஆனாலும் அண்ணன் உட்காரும் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது.

அண்ணா, நீங்கள் போட்ட பந்து வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள் வழக்கம்போல முதுகைக் காட்டி நடந்துவிட்டீர்கள்.

– தங்கை