இரண்டு கண் விழுந்த புயல்

புயல் சின்னம் என்று செய்தி வந்துவிட்டால் இப்போது எல்லோரும் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் தேடுகிறார்கள். வெள்ளைச் சுழலும் நடுவில் கறுப்பாய் ஒரு கண்ணும். நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது ஆறாம் வகுப்பில், அதுவும் வீணாய்ப்போன ஒரு தாளில்.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அங்கே அச்சுப் பிசகிய தாள்கள்தான் எங்கள் நோட்டுகளுக்கு அட்டை. அந்த முறை வானத்திலிருந்து எடுத்த புயல் படம் வந்தது. நிறம் விலகியதால் கண் இரண்டாக விழுந்திருந்தது. வகுப்பில் வேறு யாரிடமும் இரண்டு கண் புயல் இல்லை என்று எனக்கு ஒரே கர்வம். படத்துக்கு அடியில் இருந்த வரிகளை அப்பாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கண் கடக்கும்போது காற்று அடங்கிவிடும். ஓய்ந்துவிட்டதென்று யாரும் வெளியே வரக் கூடாது. மறுபக்கக் காற்று இன்னும் பாக்கி இருக்கிறது.

"அம்புட்டுப் பெரிய புயலுக்குள்ள இம்புட்டு எடம் சும்மா கெடக்கு பாரு தாயி" என்று சிரித்தார்.

மறுவாரம், அம்மாவும் சித்தியும் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி பட்டப்பகலில் வெடித்தது. எனக்குப் பள்ளி விடுமுறை, அப்பாவுக்கு இரவு ஷிப்ட். இருவரும் ஓடினோம். கம்பிவேலிக்கு வெளியே அம்மா காயமில்லாமல் நின்றாள். சித்தியைக் காணவில்லை. வெகுநேரம் வெடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று ஒரு சத்தமும் இல்லை.

அம்மா அப்பாவின் கையை விடவில்லை. "கொஞ்சம் பொறுங்க. உள்ள இன்னும் என்ன கெடக்கோ."

நான்தான் அழுதேன். "சத்தந்தான் நின்னுருச்சுல்லப்பா, போயிச் சித்தியக் கூட்டிட்டு வாங்க."

அப்பா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த அறை வெடித்தபோது என் காது அடைத்துக்கொண்டது. அப்பா திரும்பவில்லை. சித்தி அதற்கு முன்பே பின்பக்க ஓடை வழியாகத் தப்பியிருந்தாள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு எங்களைத் தேடி வந்தாள்.

அரையாண்டுத் தேர்வில் புயலின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நோட்டு அட்டையில் இருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. விடைத்தாளை ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். மெதுவாக வாசித்து முடித்தவள், நிமிர்ந்து ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.