ஒரு சட்டிக்குள் இரண்டு மரம்

மன்னாரில் தபாற்கந்தோரில் இருந்தவர் பஸ்தியாம்பிள்ளை. முத்திரை குத்துவதற்கு மேல் எதையும் தீர்மானித்துப் பழக்கமில்லை. எண்பத்துநாலில் லண்டன் வந்து, தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ் ஏறி ஒரு மரத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். தோட்டத்துக்காரி பியற்றிஸ் ஐரோப்பிய செஸ்நட் கொட்டை மரத்தையும் ஜப்பானிய செஸ்நட்டையும் கலந்து வளர்த்த கன்றுகளில், கழித்தது போக இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று வேலியோரம், மற்றது தண்ணீர்த் தொட்டியடியில். தொண்ணூற்றிரண்டு தை மாதம், இவற்றில் ஒன்றுதான் நிற்கலாம், மற்றதை வெட்டவேண்டும், எதை என்று திங்கட்கிழமை நீயே சொல் என்றுவிட்டாள்.

ஒரே தாய்தகப்பனுக்குப் பிறந்தும் இரண்டும் ஒன்றுபோல் காய்க்கவில்லை. முதல் வருடம் வேலியோரத்துக் கொட்டை பெருத்திருந்தது. அடுத்த வருடம் தொட்டியடி மரம் அதை மிஞ்சியது. அது மரத்தின் குணமா, மழையின் வேலையா? அவருக்குப் பிடிபடவில்லை. பருமன் எப்படியிருந்தாலும் உள்தோல் இலேசாகக் கழலவேண்டும், இனிக்கவேண்டும் என்றாள் பியற்றிஸ். அணில்கள் விட்டுவைத்ததை மரத்துக்கு ஒன்றாய் இரண்டு பைகளில் போட்டு, குளிரில் இனிப்பு ஏறட்டும் என்று வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்தார். சனிக்கிழமை ஒவ்வொன்றாய் உரித்துப் பார்க்க எண்ணம்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் இறைச்சி இல்லை. வேலையால் வந்தவருக்கு வாசலிலேயே தேங்காய்ப்பால் வாசம் அடித்தது.

“என்ன கறி?”

“உங்கடை கொட்டைதான். பலாக்கொட்டை மாதிரி வைச்சுப் பாத்தன்,” என்றார் மனைவி அருள்மலர்.

“எந்தப் பை?”

“ரெண்டும்தான். ஒண்டு கறிக்குக் காணாது.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். “எதின்ரை தோல் லேசாக் கழண்டது?”

“ஒரு சாதி தானாக் கழண்டுது. மற்றது நகத்தைப் பிய்ச்சுப்போட்டுது. எது எதெண்டு ஆர் பாத்தது? ஞானஸ்நானம் குடுத்தோ வைச்சனீங்கள், பேர் தெரிய?”

தின்று பார்த்தார். ஒரு துண்டு இனித்தது. அடுத்தது சப்பென்றிருந்தது. அதற்கடுத்ததில் மிளகாய்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை, கொட்டை கறியான கதையை பியற்றிஸிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “வேலியோர மரம் நிக்கட்டும்” என்ற கருத்தில் ஆங்கிலம் வந்து விழுந்தது. நிச்சயமா என்று அவள் கேட்டாள். தலை தானாக ஆடியது.

மரம் அறுக்கும் வாள் வருமுன் தொட்டியடி மரத்தில் நாலைந்து இளங்கொப்புகளை வெட்டி, பிறகு வேறு கன்றில் ஒட்டலாம் என்று ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் அது என்ன செடி என்று கேட்டாள். நல்ல சாதி என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.