எல்லாவற்றுக்கும் எஸ் போட்டவள்

டாக்டர் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஆங்கில ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்வது அந்த வீட்டு மூத்த மருமகளின் வேலை. ஸ்கேன் சென்டரில் பல வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். ஓரகத்திக்கு அதே அறையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

சின்னவள் சேர்ந்த வாரமே டாக்டர் எட்டிப் பார்த்து, "முழங்கால் ரிப்போர்ட்ட யாரும்மா அடிச்சது? மெனிஸ்கஸ் ரெண்டுன்னா மெனிஸ்கைன்னு சரியா போட்டிருக்கு. எனக்குத் திருத்துற வேலையே இல்ல" என்றார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அவள் பன்மை என்றால் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு எஸ் போட்டுவிடுகிறவள். முதுகெலும்புகளை 'வெர்டிப்ரே' என்று அடிக்காமல் 'வெர்டிப்ராஸ்' என்று அடித்ததற்கு டாக்டர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லாமலே திருத்திக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அன்றுதான் விளங்கியது.

வீட்டில் மாமனார் வேறு, "சின்னவளுக்கு லத்தீன் எல்லாம் தெரியுமாமே!" என்று ஆரம்பித்தார். பெரியவள் பாதிச் சோற்றில் எழுந்தாள். குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு போனில் தேடினாள். லத்தீன் சொல் 'அஸ்' என்று முடிந்தால் பன்மைக்கு 'ஐ'. அட, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

மறுநாள் மூக்கடைப்புக்காரர் ஒருவரின் பதிவில் டாக்டர் 'சைனஸஸ்' என்றுதான் சொல்லியிருந்தார். அவருக்கே பாடம் எடுக்கிற மிதப்பில் பெரியவள் 'சைனை' என்று அடித்தாள். அச்சாகி வந்த தாளில் 'சைனஸஸ்' என்றே இருந்தது.

"இதுல யாரு கை வெச்சது?"

"நான்தான்க்கா." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லா அஸ்ஸுக்கும் ஐ வராதுக்கா. டாக்டர் பாக்குறதுக்குள்ள மாத்திட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. நாலு பேரிடம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சில மாதம் கழித்து, வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று சின்னவளை வேலைக்குக் கூப்பிட்டது. மாமியார் ஒரேயடியாக மறுத்தாள். "வீட்ட யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கறேன் அத்தை. அவள அனுப்புங்க."

சொன்னதோடு பெரியவள் விடவில்லை. மாமியாரை மடக்கினாள், கொழுந்தனை உசுப்பிவிட்டாள், கடைசியில் எல்லாரையும் சம்மதிக்க வைத்தாள். சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாக்கா."

பெரியவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"சரி சரி, கண்ணத் தொடச்சுக்கோ. ரயில் எத்தனை மணிக்கு?"