திருகோணமலை வெயிலில் குளிராத பிரிட்ஜும் மூன்று சின்ன விசிறிகளும்

என் கணவர் ரவி இரண்டு வருடமாக இன்சுலின் எடுக்கிறார். அதற்குப் பிறகு வீட்டை விட்டு ஓர் இரவுக்கு மேல் வெளியே தங்கியதில்லை. எங்கே கூப்பிட்டாலும் "மருந்தை எங்க வைக்கிறது?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எங்கள் பழைய வானைத் தங்கும் வண்டியாக மாற்றினேன். காஸில் ஓடும் ஒரு பழைய பிரிட்ஜை வாங்கி நானே பொருத்தினேன். முதற்பயணம் ஓகஸ்டில், மூன்று இரவுக்குக் குச்சவெளி.

வெள்ளி காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். திருகோணமலை நகரம் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் அளவு. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, கரையோர வீதியால் வடக்கே இன்னும் முப்பத்து நாலு. பதினொரு மணிக்குக் கடலைப் பார்த்தபடி வானை நிறுத்தினோம். ரவி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தண்ணீருக்குள் போய் நின்றார். அன்று முழுக்க நல்ல நாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பிரிட்ஜுக்குள் இருந்த வெப்பமானி பதினாலு பாகை காட்டியது. உள்ளே, வீட்டில் கரண்ட் போய்விடும் என்று பயந்து ரவி கையோடு எடுத்துவந்த பிரிக்காத பத்து இன்சுலின் பேனைகள். அவை இரண்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருக்க வேண்டியவை.

"சரி, வீட்ட போவம்," என்றார் ரவி. கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் உடனேயே உடுப்பு மடிக்கத் தொடங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரையில் மீன் வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த வியாபாரியிடம் ஓடிப்போய் ஐஸ் கேட்டேன். "ஐஸ் தாறன் அக்கா. ஆனா பிரிட்ஜ் பாக்கிறதெண்டா கிண்ணியாவுக்குப் போங்கோ. மீன் லொறிக்குக் கூலர் செய்யிற நஸீர் நானா இருக்கிறார்," என்றார். பேனைகளைத் தடித்த துவாயில் சுற்றி, அந்த ஐஸைப் போட்ட எங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஐஸில் படாமல் வைத்தேன். உறைந்தால் இன்சுலின் பழுதாகிவிடும்.

கிண்ணியாவுக்கு ஐம்பத்தைந்து கிலோமீற்றர். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கிண்ணியாப் பாலம் கடக்கும் வரைக்கும் பிரிட்ஜை விற்றவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

நஸீர் நானாவுக்கு (அந்தப் பக்க முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்) ஐம்பது வயதிருக்கும். அவர் பிரிட்ஜைத் திறக்கவே இல்லை. வானின் வெளிப்பக்கம் போனார். பிரிட்ஜுக்குப் பின்னால் காற்றுப் போக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு துவாரங்கள் விட்டிருந்தேன். கை துடைக்கும் மெல்லிய ரிசுக் கடதாசியில் ஒரு துண்டைக் கிழித்து மேல் துவாரத்தில் பிடித்தார். அது அசையவில்லை.

"தங்கச்சி, பிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. இது உள்ளுக்குள்ள இருக்கிற சூட்டைப் பின்னுக்குக் கொண்டு வந்து கொட்டும். அந்தச் சூடு வெளியால போக வழியில்ல," என்றவர் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு கட்டி ஸ்பொஞ்சை இழுத்தெடுத்தார். "இத ஆரு வெச்சது?"

"நான்தான். மழைத்தண்ணி உள்ளுக்குப் போகும் எண்டு..."

ரவி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "பாவம் அந்த வித்த மனிசன்! வழியெல்லாம் பேச்சு வாங்கினவன்," என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

"ஸ்பொஞ்சை எடுத்தா மட்டும் காணாது. இந்த வெயிலுக்குக் காத்தைத் தள்ளி விடணும்," என்றார் நானா. காஸை மூடி, எல்லாம் ஆறிய பிறகுதான் கை வைத்தார். கணினிக்குள் இருக்கும் பன்னிரண்டு வோல்ட் விசிறிகள் இரண்டை, மேல் துவாரத்தினூடாகச் சூடு வெளியே போகும்படி பூட்டினார். அவற்றை ஒரு தேர்மோஸ்டற்றுடன் இணைத்து, அதன் உணரியைப் பின்பக்க அலுமினியத் தகடுகளில் கட்டினார். நாற்பத்தைந்து பாகையில் விசிறி ஓடும், முப்பத்தைந்தில் நிற்கும், பற்றரி வீணாகாது. உள்ளே குளிரைச் சுற்றிவிட மூன்றாவதாக ஒரு சின்ன விசிறி. எல்லாம் சேர்த்து, கூலியோடு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா. காஸைப் பற்றவைத்து, சூடேறி விசிறி ஓடியதும் மறுபடி கடதாசியைப் பிடித்தபோது அது படபடத்துக் கையை விட்டுப் பறந்தது.

"மெதுவாத்தான் குளிரும். இங்கயே நிப்பாட்டுங்க, காலையில பாத்துட்டுப் போங்க," என்றார். அவர் வீட்டிலிருந்து ரொட்டியும் மீன் கறியும் வந்தன. நான் வவுனியா மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். சில மணி நேரம் பதினாலு பாகை என்றால் பாவிக்கலாம், ஆனால் அந்தப் பேனைகளை முதலில் முடியுங்கள் என்றார்கள். ரவி பத்து நிமிடத்துக்கொரு தடவை கதவைத் திறந்து பார்த்தார். "திறந்து திறந்து பாத்தா எப்பிடிக் குளிரும்?" என்று நான்தான் தடுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஐந்து பாகை. ஐஸ் பெட்டியிலிருந்த பேனைகளைப் பிரிட்ஜுக்கு மாற்றினோம். திரும்பக் குச்சவெளிக்குப் போனோம்; பகல் இரண்டு மணி வெயிலிலும் ஏழுதான்.

வானில் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு: குளிரவில்லை என்றால் புதிது வாங்க ஓடாதீர்கள், முதலில் பின்பக்கக் காற்றோட்டத்தைப் பாருங்கள். துவாரங்களை எதனாலும் அடைக்காதீர்கள். பிரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் பின்னேர வெயில் படாமல் நிறுத்துங்கள். காஸ் பிரிட்ஜ் என்றால் வண்டி சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும், விசிறிக் காற்று பிரிட்ஜின் பின்னால் எரியும் காஸ் சுவாலையில் படவே கூடாது. வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். முந்நூறு ரூபா வெப்பமானியொன்று கட்டாயம். மருந்தைப் பற்றி உங்கள் மருந்தகத்தைத்தான் கேட்க வேண்டும், என்னையல்ல.

திங்கள் காலை நான் வீட்டுக்குத் திரும்பச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ரவி தொலைபேசியில் கதைத்து முடித்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"ஒபிசுக்குச் சொல்லிப்போட்டன், வியாழன் வரைக்கும் லீவு," என்றார். "கிண்ணியா தாண்டி மூதூருக்கு எந்த றோட்டால போறது?"