கவுன்சிலர் வைத்த தொட்டி

தென்காசி தனி மாவட்டமானதில் எனக்குக் கிடைத்த நன்மை, கலெக்டரிடம் மனுக் கொடுக்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டாம் என்பதுதான். நகராட்சித் தேர்தலே நடக்காத வருடங்கள் அவை. பழைய கவுன்சிலர்தான் அப்போதும் எங்கள் தெருவை ஆண்டார். கார் நிறுத்துவதற்காகச் சாக்கடையை மூடித் தன் வாசலில் தளம் போட்டிருந்தார். மழை பெய்தால் கழிவுநீர் எதிரே இருந்த என் வீட்டுக்குள் வந்தது. ஒரு திங்கட்கிழமை மனுக் கொடுத்தேன். அந்த வாரமே ஆட்கள் வந்து தளத்தை உடைத்தார்கள்.

மறுவாரம், தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. கவுன்சிலரிடம் போய்க் கேட்டேன். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "பொதுத் தொட்டிம்மா. எங்கனயாவது வைக்கணும்லா?"

சாரல் சீசனுக்கு எங்கள் தெரு வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் தின்று போட்ட பிரியாணிப் பொட்டலமெல்லாம் அதில்தான் விழுந்தது. ஊர் உலகமெல்லாம் மலைக்காற்று வாங்க இங்கே வந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன்.

வீரகேரளம்புதூரிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா முந்தானையால் மூக்கை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். காபியை யாரும் தொடவில்லை. ஜாதகம் சரியில்லை என்று அன்றைக்கே போன் வந்தது. பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல், மகள் தொட்டியைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். இந்தக் கவுன்சிலரை விடக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

தேர்தல் அறிவித்தபோது எங்கள் வார்டு பெண்களுக்குப் போனது. அவர் தன் மனைவியை நிறுத்தினார். நோட்டீஸில் அவர் படம் பெரிதாகவும், அவள் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. நான் சுயேச்சையாக நின்றேன். சொற்ப வாக்கில் ஜெயித்தேன்.

பதவியேற்ற மறுநாளே துப்புரவு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, தொட்டியை எதிர்வீட்டு வாசலில் வைக்கச் சொன்னேன்.

"அங்கன வச்சா அண்ணாச்சி சத்தம் போடுவாவளே, மேடம்."

"போடட்டும்."

போட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. "பொதுத் தொட்டி அண்ணாச்சி, எங்கனயாவது வைக்கணும்லா?" என்றேன். அத்தனை வருடங்களில் எனக்கு அவ்வளவு இனித்த வாக்கியம் வேறில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி தனியாக வந்தாள்.

"யக்கா, அவுக காலைல போனா ராத்திரிதான் வருதாவ. பகலெல்லாம் நாத்தத்துல கெடக்கது நாந்தான்." வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. நானும் ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

அவள் போனதும் மேற்பார்வையாளரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அந்நேரம் எதிர்வீட்டில் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வருடச் சாரல் முடியும்வரை தொட்டி அங்கேயே இருந்தது. இப்போது தெருவில் என்னைக் கண்டால் அவர் வணக்கம் வைக்கிறார். அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.