கடைசி எச்சரிக்கை வாங்கிய சைக்கிள்

சிவகரனின் சைக்கிள் நல்ல சைக்கிள் என்று அவரே சொன்னதில்லை. நாற்பத்தொரு வயது இரும்பு. மேடு கண்டால் முனகும், மழை கண்டால் மக்கர் செய்யும். வங்கிக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சிவகரனும் அப்படித்தான் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. சங்கிலி, சீட், முன்சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றியாயிற்று. ஞாயிறுதோறும் வாசல் நடைபாதையில் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் விடுவார். கோயிலுக்கு வரச் சொன்னால் மட்டும் முழங்கால் வலிக்கும்.

போன மாதம் சங்கிலி கழன்று விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது மனைவி கமலாம்பிகை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை இது உங்களத் தள்ளிச்சுன்னா பழைய இரும்பு லாரிக்குத்தான். தர்மினி புதுசு வாங்கித் தரேன்னு எத்தன தடவ சொல்லிட்டா."

"மக வாங்கித் தந்தா, புதுசு தள்ளாதா?"

"தள்ளினா வாரண்டி இருக்கு."

ஆயுத பூஜை அன்று வீட்டு இரும்பெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டது. சைக்கிளையும் கமலாம்பிகை விடவில்லை. கெட்டது கழியட்டும் என்று கைப்பிடிக்கும் சீட்டுக்கும் வைத்து, இரண்டு ரிம்மிலும் சுற்றிச் சுற்றிச் சந்தனம் குழைத்துப் பூசினாள். சிவகரன் வாய் திறக்கவில்லை. வடை இன்னும் பரிமாறப்படவில்லை.

வடை முடிந்ததும் பேப்பர் வாங்கக் கிளம்பினார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு ட்ரைஷா, மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா, குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் பொருட்படுத்தவில்லை. நாசி கண்டார் சோற்றுக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் யாரோ ஒருவரின் மீன் கறியையும் சாய்த்துக்கொண்டு அவர் தரைக்கு வந்தார்.

கடைக்கார முஸ்தஃபா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அண்ணே, நடந்து வந்தாலும் சாப்பாடு போடுவோம் லா."

காயமில்லை. ஆனால் சட்டை முழுக்கக் கறி, மறைக்க வழியில்லை. ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டையைத் தடவிப் பார்த்தார். விரல் மஞ்சளாக வந்தது, மணத்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கு ஆதாரம் இவ்வளவு வாசனையோடு கிடைப்பது அரிது. கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தார்.

கமலாம்பிகை சட்டையைப் பார்த்ததும் லாரிக்காரன் நம்பரைத் தேடப் போனை எடுத்தாள். அவர் கட்டையை நீட்டினார்.

"மோந்து பாரு."

மோந்தாள். "சந்தனம்."

"யாரு பூசினது?"

"சாமிக்குப் பூசினேன். பிரேக்குக்கா பூசினேன்?"

"சாமி நின்னுட்டாரு. சைக்கிள்தான் நிக்கல."

தப்பு தன்னுடையது என்று சொல்லிப் பழகாத வாய். கமலாம்பிகை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளியில் சோப்புத் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அடுத்த வருஷம் கைப்பிடிக்கு மட்டும் வைக்கிறேன்."

அடுத்த வருஷம் என்றதைக் கேட்டதாகவே சிவகரன் காட்டிக்கொள்ளவில்லை. முன் ரிம்மிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.