லத்தா வீட்டின் நாலு அங்குலம்

பழைய கட்டடம் அளக்க வருபவனை வீட்டுக்குள் விடுவார்கள், தேநீரும் கொடுப்பார்கள். ஆனால் அவன் எழுதும் தாளை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்தவர் வீட்டில் போய்க் குறை தேடும் பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் இந்தச் சங்கடம் புரியும்.

குளிர்காயும் அடுப்பு

ரங்கூனின் லத்தா பேட்டையில் நான் அளக்கப் போன மூன்று மாடி வீட்டை வெள்ளைக்காரன் தன் ஊர் வீடு மாதிரியே கட்டியிருந்தான். குறுகிய முகப்பு, உயரமான ஜன்னல்கள், பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர். போதாக்குறைக்கு முதல் மாடிக் கூடத்தில் குளிர்காய ஓர் அடுப்பு. ரங்கூன் வெயிலில்!

அங்கே முப்பது வருஷமாக வாடகைக்கு இருந்து துணி தைக்கும் மைமூன் அக்கா, அந்த அடுப்புக் குழிக்குள் வெட்டிய துணிகளை அடுக்கியிருந்தார். வீட்டுக்காரருக்கு இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆசை. முகப்புச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று நான் எழுதினால் எல்லோரும் காலி செய்ய வேண்டியதுதான். அக்காவுக்கும் அது தெரியும். இருந்தும் அடுப்பைக் காட்டிச் சிரித்தார். “இங்க உக்காந்து நெருப்புக் காஞ்சவன் எப்பேர்ப்பட்ட நோயாளியோ, தம்பி!”

தூக்குக்குண்டு

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து, நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினேன். நூல் சுவரிலிருந்து மேலே எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, கீழேயும் அவ்வளவே நின்றால் சுவர் நேர். படியிறங்கித் தெருவுக்கு வந்து அளந்தேன். நாலு அங்குலம் கூடுதல். அண்ணாந்து பார்த்தால் அக்கா வீட்டுக் கைலிகள்தான் காய்ந்துகொண்டிருந்தன. சுவர் தெருப்பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

மறைக்க மனம் வராமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலோரத் தையல் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். “நாலு அங்குலந்தானே? மிஷினை உள்ள தள்ளிப் போட்டுட்டு ஓரமா இருந்துக்கிறேன், தம்பி.”

மறுநாள்

அன்று இரவு குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சாய்ந்த சுவரில் ஒரு விரிசல்கூட இல்லையே? ஜன்னல்கள் சிக்காமல் மூடுகின்றனவே?

மறுநாள் மீண்டும் குண்டை இறக்கிவிட்டு, மேலேயே நின்று எட்டிப் பார்த்தேன். முதல் மாடியிலிருந்து ஒரு கை நீண்டது. என் நூலைப் பிடித்து, துணி காயும் மூங்கில் கம்புக்கு வெளிப்புறமாக எடுத்துப் போட்டது. நேற்றைய நாலு அங்குலமும் அந்தக் கம்பு நூலைத் தள்ளியதுதான்.

ரங்கூனில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். மேலே ஒரு மணி, கீழே ஒரு கிளிப். பேப்பரும் காய்கறியும் அதில்தான் ஏறும். ஒருவர் கயிறு இன்னொருவர் கயிற்றோடு சிக்காமல் விலக்கிவிடுவது அக்கம்பக்கத்து மரியாதை. அந்த மரியாதையில் அக்கா தன் வீட்டைத் தானே சாய்த்திருக்கிறார்.

நூலை உள்ளே எடுத்துவிட்டு அளந்தேன். கால் அங்குலம்கூட இல்லை. பழைய தாளைக் கிழித்துப்போட்டு, சுவர் நேர், கூரையைப் பழுது பார்த்தால் போதும் என்று எழுதினேன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத்தான் திட்டினார். “ரங்கூன்ல பொறந்துட்டு, கயிறு விட்டா ஒரு மணி கட்டணும்னு தெரியாதா ஒனக்கு?”

இப்போது என் பையில் தூக்குக்குண்டோடு ஒரு சின்ன மணியும் கிடக்கிறது. நூறு வருஷமாகச் சாயாத சுவரை ஒரே நாளில் சாய்த்துக் காட்டியவனுக்கு அது வேண்டியதுதான்.